பயத்தோடு நடந்த ஹாரியட் டப்மன்

மார்ச் 10, ஹாரியட் டப்மன் மறைந்த நாள். 1913-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஆபர்ன் என்ற சிறு நகரில் அவர் கண்மூடினார். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, பிறகு அந்த அடிமை மண்ணுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களை மீட்டு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மாணவர்களில் சிலராவது அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படங்களில் கையில் துப்பாக்கியோடு நிற்கும் வீராங்கனையாகத்தான் அவரைக் காட்டுவார்கள். இந்த வாரம் நாம் அவருடைய வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து, பயத்தின் பக்கத்திலிருந்து, சொல்லப் பார்க்கிறோம்.

காரணம் இருக்கிறது. நம் தெருக்களில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களில், பயம் வந்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்றொரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வன்கொடுமை வழக்கில் நாளை சாட்சி சொல்ல வேண்டியவர் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். காலையில் அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீ வாயைத் திறக்காமல் இரு என்று ஆறுதல் சொல்கிற பெரியவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தப் பெண்ணின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் அரமின்டா ராஸ். வீட்டில் மின்டி. மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில், டார்செஸ்டர் என்ற மாவட்டத்தில், 1822 வாக்கில் பிறந்தார். அடிமைக் குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவெல்லாம் கிடையாது. மருத்துவச்சிக்குக் கூலி கொடுத்ததாக ஒரு கணக்கில் இருந்த குறிப்பைப் பிடித்துத்தான் ஆய்வாளர்கள் பின்னாளில் அந்த ஆண்டைக் கணக்கிட்டார்கள். அப்பா பென் ராஸ், காட்டில் மரம் வெட்டும் வேலையில் தேர்ந்தவர். அம்மா ரிட், பண்ணை வீட்டில் சமையல்காரி. இருவருக்கும் முதலாளிகள் வெவ்வேறு. தாய் யாருக்கு அடிமையோ பிள்ளைகளும் அவருக்கே அடிமை என்பது சட்டம். அதனால் ஒன்பது பிள்ளைகளும் ரிட்டின் முதலாளி எட்வர்ட் புரோடெஸ் என்பவனின் சொத்து.

அந்த ஒன்பதில் மூன்று பெண்கள் தெற்கே விற்கப்பட்டார்கள். தெற்கு என்றால் பருத்திக் காடுகள். போனவர்கள் திரும்பியதில்லை. அக்காள்மார் போவதைப் பார்த்துத்தான் சின்ன மின்டி வளர்ந்தாள். பிறகு கடைசித் தம்பி மோசேயை விலைபேச ஜார்ஜியாவிலிருந்து ஒரு வியாபாரி வந்தான். ரிட் பையனை ஒரு மாதம் காட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலுமாக ஒளித்து வைத்தார். கடைசியில் குடிசைக்கே ஆட்கள் வந்தபோது, வாசலை முதலில் மிதிக்கிறவன் மண்டையைப் பிளந்துவிடுவேன் என்று நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். விற்பனை நின்றது. அடிமைப் பெண் ஒருத்தி மறுத்து நின்றும் உயிரோடு இருக்க முடியும் என்பதை மின்டி பார்த்த முதல் இடம் அந்த வாசல்.

வேதாகமமும் அந்த அம்மாவின் வாய்வழியாகத்தான் வந்தது. பண்ணையார்களும் கிறிஸ்தவர்களே, அவர்கள் ஏற்பாடு செய்த போதகர்கள் அடிமைகளுக்குச் சொன்னது, எஜமானுக்குக் கீழ்ப்படி என்ற ஒரே பாடம். ரிட்டின் குடிசையில் சொல்லப்பட்டது பார்வோனின் கதை, செங்கடலைக் கடந்த ஜனங்களின் கதை. புத்தகம் ஒன்றுதான், வாசித்த இடம் வேறு. பின்னாளில் ஒரு எஜமானியின் வீட்டுக் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டபோது ஹாரியட் உள்ளே போகாமல் மாடிப்படியிலேயே நின்று தனியாக ஜெபித்துக்கொண்டாராம்.

ஐந்தாறு வயதிலேயே அவளை வாடகைக்கு விட்டார்கள். சூசன் என்ற ஒரு பெண்மணியின் வீட்டில் கைக்குழந்தையைத் தூங்கவைக்கும் வேலை. குழந்தை அழுதால் இவளுக்குச் சவுக்கடி. ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஐந்து முறை அடி வாங்கினாள். கழுத்திலும் முதுகிலும் விழுந்த தழும்புகள் தொண்ணூறு வயது வரை அவரோடு இருந்தன. அடி உறைக்காமலிருக்க, இருக்கிற துணியையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் தந்திரத்தை அந்த வயதிலேயே கற்றுக்கொண்டாள். இன்னொரு வீட்டில், சதுப்பில் வாழும் ஒருவகைப் பெரிய எலிகளுக்கு வைத்த பொறிகளைப் பார்த்து வரும் வேலை. மணல்வாரி போட்டிருந்தபோதும் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

பதின்வயதில் நடந்ததுதான் உயிரை உலுக்கியது. பக்டவுன் என்ற ஊரின் கடையில் சாமான் வாங்கப் போயிருந்தாள். வேலையை விட்டு வந்துவிட்ட ஓர் அடிமை இளைஞனைத் துரத்திக்கொண்டு ஒரு கங்காணி வந்தான். பையனைப் பிடித்துக் கட்ட உதவு என்று மின்டியிடம் சொன்னான். அவள் மறுத்தாள். பையன் ஓட, கங்காணி இரண்டு பவுண்டு எடைக்கல்லை எடுத்து வீசினான். அது மின்டியின் மண்டையில் விழுந்தது. தூக்கிவந்து தறியின் பலகைமேல் கிடத்தினார்கள். வைத்தியம் ஒன்றும் இல்லை. இரண்டு நாளில், இரத்தமும் வேர்வையும் முகத்தில் வழிய, மறுபடி வயலுக்கு அனுப்பப்பட்டாள்.

அன்று முதல் சாகும்வரை தலைவலியும், பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தூங்கிவிழும் நோயும் அவருக்கு இருந்தன. அந்தத் தூக்கங்களில் காட்சிகள் தெரிந்தன, குரல்கள் கேட்டன. மருத்துவம் அறிந்தவர்கள் இன்று அதை வலிப்பின் ஒரு வகை என்பார்கள். ஹாரியட் அதை ஆண்டவர் தன்னோடு பேசுவதாக எடுத்துக்கொண்டார். இதில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? உடைந்த மண்டையோடு ஒரு பெண் எழுபது ஆண்டுக்கு மேல் என்ன செய்தார் என்பது நம் முன்னால் இருக்கிறது, அது போதும்.

பிறகு சில ஆண்டுகள் அப்பாவோடு காட்டு வேலை. மரம் வெட்டினார், மாட்டைப் பூட்டிக் கட்டை இழுத்தார். வடமீன் எது, ஓடை எந்தப் பக்கம் போகும், தின்னக்கூடிய செடி எது என்பதெல்லாம் அங்கேதான் படிந்தன. மரம் ஏற்றிச் செல்லும் படகுகளில் வேலைபார்த்த கறுப்பு மாலுமிகள் வழியாக வெளியுலகச் செய்திகளும் வந்தன. அவருடைய பள்ளிக்கூடம் அதுதான்.

1844 வாக்கில் ஜான் டப்மன் என்ற சுதந்திரமான கறுப்பினத்தவரை மணந்தார். அப்போதுதான் அம்மாவின் பெயரான ஹாரியட்டைத் தன் பெயராக எடுத்துக்கொண்டார். கூலி வேலையில் மிச்சம் பிடித்த காசில் 5 டாலரை ஒரு வக்கீலுக்குக் கொடுத்து, அம்மாவின் பழைய முதலாளி எழுதிய உயிலைத் தேடிப் பார்க்கச் சொன்னார். தேடியபோது உண்மை வெளிவந்தது. ரிட் 45 வயது வரைதான் உழைக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தது. அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. யாரும் ரிட்டிடம் சொல்லவில்லை. பஞ்சமி நிலத்தின் பழைய காகிதங்களைத் தேடித் தாலுகா அலுவலகப் படியேறியவர்களுக்கு இந்த இடத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. காகிதம் இருந்தது, அதை வைத்து வழக்காட ஓர் அடிமைப் பெண்ணுக்கு வழி இல்லை.

1849 தொடக்கத்தில் ஹாரியட் படுத்த படுக்கையானார். உழைக்க முடியாத ஆளை வைத்திருப்பானேன் என்று புரோடெஸ் அவரை விற்கப் பார்த்தான். ஆட்களைக் கூட்டிவந்து காட்டினான். விலை படியவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் முதல் மார்ச் வரை ஹாரியட் ஒவ்வொரு நாளும் தன் எஜமானுக்காக ஜெபித்தார். அவன் மனதை மாற்றி அவனை ஒரு கிறிஸ்தவனாக்கும் என்பதுதான் வேண்டுதல். பிறகு, தன்னையும் சகோதரர்களையும் சங்கிலியில் கோத்துத் தெற்கே அனுப்பப் போவதாகச் செய்தி காதில் விழுந்தது. அன்று ஜெபத்தை மாற்றினார். இந்த மனிதனின் மனதை மாற்றப் போவதில்லை என்றால் அவனை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். சில நாட்களில் புரோடெஸ் செத்துப்போனான்.

இதைக் கேட்டுச் சபைக்காரர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இதைவிடக் கடுமையான வேண்டுதல்கள் இருக்கின்றன. ஹாரியட்டுக்கே பின்னால் மனம் கனத்தது. அந்த ஆத்துமாவைத் திரும்பக் கொண்டுவர முடியுமானால் எதையும் கொடுத்திருப்பேன் என்று வருந்தினார். நாம் கவனிக்க வேண்டியது, அவர் ஆண்டவரிடம் எதையும் மறைக்கவில்லை என்பதை. பயமும் கோபமும் வருத்தமும் அப்படியே போய்ச் சேர்ந்தன.

எஜமான் செத்ததால் ஆபத்து கூடியது. கடனை அடைக்க விதவை எலைசா அடிமைகளை விற்கத் தயாரானாள். அந்த நாட்களில் ஹாரியட் கண்ணை மூடினாலே குதிரைக்காரர்கள் வருவதும், பிள்ளைகளைப் பிடுங்கும்போது பெண்கள் அலறுவதும் கேட்டன. 1849 செப்டம்பரில் பென், ஹென்றி என்ற இரு சகோதரர்களோடு கிளம்பினார். அக்டோபரில் எலைசா பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள்: மின்டி, வயது சுமார் 27, உயரம் 5 அடி, மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு 100 டாலர், உள்ளே பிடித்தால் 50. அண்ணன் தம்பிகளுக்குப் பயம் வந்துவிட்டது. திரும்பினார்கள், இவரையும் இழுத்துக்கொண்டு. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது. பிடிபட்டால் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள்.

சில நாட்களில் ஹாரியட் தனியாகப் புறப்பட்டார். கணவர் வரவில்லை. அடிமை முறையைப் பாவம் என்று எதிர்த்த குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் முதல் வீட்டுக்கு வழிகாட்டினார். அங்கிருந்து ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு. இரவில் நடை, பகலில் பதுங்கல். ஏறக்குறைய 90 மைல் தாண்டிப் பென்சில்வேனியாவின் எல்லையைக் கடந்தபோது சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. தான் அதே ஆள்தானா என்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு நினைப்பு வந்தது. வாவென்று அழைக்க அங்கே ஒருவரும் இல்லை. வீடும் அம்மாவும் அப்பாவும் பின்னால் கிடந்தார்கள். அவர்களையும் கொண்டுவருவது என்று அன்றே முடிவு செய்தார்.

பிலடெல்பியாவில் சமையல் வேலை, வீட்டு வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 1850-இல் புதுச் சட்டம் வந்தது. தப்பியோடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்கச் சுதந்திர மாநிலங்களின் மக்களும் உதவ வேண்டும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை. அவரை எஜமானிடம் ஒப்படைத்தால் விசாரிக்கும் அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். நியாயத்துக்கு என்ன விலை என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அதன்பின் பிலடெல்பியா போதவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை ஒழிந்துவிட்ட கனடா வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது.

அதே 1850 டிசம்பரில் முதல் மீட்பு. அக்காள் மகள் கெசியாவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கேம்பிரிட்ஜ் நகரின் நீதிமன்ற வாசலில் ஏலத்துக்கு வந்தார்கள். கெசியாவின் கணவர் சுதந்திரமான கறுப்பினத்தவர். அவரே ஏலம் கேட்டு எடுத்தார். பணம் கட்டச் சொல்லிக் கூப்பிடும்போது ஆளையும் காணோம், பெண்டு பிள்ளைகளையும் காணோம். படகில் பால்டிமோர் போய்ச் சேர்ந்தவர்களை ஹாரியட் அங்கிருந்து கூட்டிச் சென்றார். மறு ஆண்டு கணவருக்காகவே ஒரு புது உடுப்பு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். அவர் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அழுது தீர்த்துவிட்டு, வரத் தயாராக இருந்த வேறு சிலரைக் கூட்டிக்கொண்டு வடக்கே நடந்தார்.

அவர் 19 முறை போனார், 300 பேரை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்கள் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். மாணவர்கள் கட்டுரை எழுதும்போது கவனமாக இருங்கள். அவை பெருக்கிச் சொன்ன கணக்குகள். ஆவணங்களைச் சரிபார்த்த ஆய்வாளர்கள் சொல்வது, ஏறத்தாழ 13 பயணங்கள், 70 பேர்வரை. இன்னும் அவ்வளவு பேருக்கு வழி சொல்லி அனுப்பினார். பிடிபட்டால் விற்பனையோ சாவோ என்று தெரிந்தே 13 தடவை நடந்தவருக்கு மிகை எதற்கு?

ஆண்டவர் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தவர் இல்லை அவர். இரவு நீண்டிருக்கும் குளிர்காலத்தில்தான் பெரும்பாலும் வேலை. சனிக்கிழமை இரவு கிளம்புவது, ஏனென்றால் திங்கள்வரை பத்திரிகையில் தேடும் விளம்பரம் அச்சாகாது. கைக்குழந்தைகள் அழாமலிருக்க அபின் கலந்த மருந்துத் துளிகள். அபாயம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லப் பாட்டுகள். பழைய எஜமான் ஒருவன் எதிரே வந்தபோது, கையிலிருந்த கோழிகளின் கட்டை அவிழ்த்துவிட்டு, அவற்றைப் பிடிக்க ஓடும் கிழவிபோல் நடித்துத் தப்பினார். இடுப்பில் கைத்துப்பாக்கியும் இருந்தது. பாதி வழியில் திரும்பிப் போகிறேன் என்றவனிடம் அதை நீட்டியதும் உண்டு. ஒருவன் திரும்பினால் வழியிலுள்ள வீடுகள் அத்தனையும் காட்டிக்கொடுக்கப்படும்.

டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் தாமஸ் காரெட் என்ற குவேக்கர் வணிகர் இருந்தார். தப்பி வருகிறவர்களுக்கு இடம் கொடுத்ததற்காகப் பெருந்தொகை அபராதம் கட்டியவர். ஹாரியட்டுக்கு ஆண்டவர் மேலிருந்த நம்பிக்கையைப் போல வேறெந்த நிறத்தவரிடமும் தான் கண்டதில்லை என்று அவர் எழுதி வைத்தார். அவர் சொன்ன சம்பவம் இது. ஒரு மார்ச் மாதம், இரண்டு வாட்டசாட்டமான ஆண்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தார் ஹாரியட். திடீரென்று பாதையை விட்டு இடப்பக்கம் திரும்பு என்று உள்ளே ஒரு குரல். திரும்பினால் எதிரே ஓடை. ஓடமும் இல்லை, பாலமும் இல்லை, ஆழமும் தெரியாது. ஹாரியட் இறங்கினார். தண்ணீர் அக்குள் வரை வந்தது. ஆண்கள் இருவரும் கரையிலேயே நின்றார்கள். ஐந்தடிப் பெண் அக்கரை ஏறியதைப் பார்த்த பிறகுதான் இறங்கினார்கள். அப்பால் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் குடிசை இருந்தது. துணியை உலர்த்திக் கொடுத்தார்கள். கையில் காசு இல்லாததால் தன் உள்ளுடைகளில் சிலவற்றையே ஹாரியட் கூலியாகக் கொடுத்தார். காரெட் வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை, பல்வலி வேறு உயிரை வாங்கியது. தண்ணீர் அவருக்காகப் பிளக்கவில்லை. நனைந்துதான் கடந்தார்.

1854 கிறிஸ்துமஸ். மூன்று சகோதரர்களையும் பண்டிகைக்கு மறுநாள் ஏலம் விடப் போவதாகத் தகவல் வந்தது. படிக்கத் தெரிந்த ஜேக்கப் ஜாக்சன் என்ற கறுப்பினத்தவருக்கு ஹாரியட் ஒரு கடிதம் எழுதச் செய்தார். அஞ்சலகத்தில் உடைத்துப் படித்தவர்களுக்கு அது வெறும் பக்திக் கடிதம். ஜாக்சனுக்கு மட்டும் புரிந்தது. இது எனக்கு வந்ததில்லை போலிருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டு, சகோதரர்களுக்குச் செய்தியைக் கொண்டுபோனார். புறப்படும் இரவில் ராபர்ட்டின் மனைவிக்குப் பிரசவ வலி. ராபர்ட் கால் வராமல் நின்று, குழந்தை பிறந்த பிறகு, தாமதமாக ஓடிவந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். மீட்பின் கதைகளில் பின்னால் விடப்பட்டவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

பெற்றோர் குடிசைக்கு அருகே தீவனக் கொட்டகையில் எல்லோரும் பதுங்கினார்கள். அம்மாவிடம் சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பார்த்தால் அவர் போடும் கூச்சலில் ஊர் கூடிவிடும். பிள்ளைகள் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வருவார்கள் என்று ரிட் சமைத்துவிட்டு, மறுபடி மறுபடி வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துச் சாலையைப் பார்த்தார். பலகை இடுக்கு வழியே ஐந்து வருடத்துக்குப் பின் ஹாரியட் அம்மாவைப் பார்த்தார், அவ்வளவுதான். அப்பா பென்னுக்கு மட்டும் விஷயம் தெரியும். சாப்பாட்டைக் கொட்டகைக்குள் தள்ளினாரே தவிர உள்ளே பார்க்கவில்லை. இரவில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, இரு பக்கமும் பிள்ளைகள் கையைப் பிடிக்க, கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். காலடிச் சத்தம் கேட்காமல் போகும்வரை அப்படியே நின்றார். தேடி வந்தவர்கள் கேட்டபோது, என் பிள்ளைகளில் ஒருவரையும் நான் கண்ணால் பார்க்கவில்லை என்றார். பொய் சொல்லக்கூடாது என்ற கட்டளையையும் காப்பாற்றினார், பிள்ளைகளையும் காப்பாற்றினார். விசுவாசத்தில் இப்படியொரு சாமர்த்தியத்துக்கும் இடம் இருக்கிறது.

1856-இல் ஜோ பெய்லி என்ற உடல்வலிமை மிக்க ஒருவர் ஹாரியட்டோடு கிளம்பினார். அவர் தலைக்கு 1,500 டாலர். வில்மிங்டன் பாலத்தில் காவல். காரெட் இரண்டு வண்டி நிறையக் கொத்தனார்களை ஏற்றி, பாட்டும் கூச்சலுமாகப் பாலத்தைக் கடக்க வைத்தார். இரவில் திரும்பும்போது வண்டியின் அடியில் இவர்கள் படுத்திருந்தார்கள். மேலே கொத்தனார்கள் அதே கூச்சல். நியூயார்க்கில் அடிமை ஒழிப்புச் சங்கத்து அலுவலகத்தில், விளம்பரத்தில் இருந்த அங்க அடையாளத்தை வைத்தே ஜோவை அடையாளம் கண்டார்கள். நண்பர்தான் கண்டார், ஆனால் இவ்வளவு தூரம் விளம்பரம் வந்துவிட்டதே என்று ஜோ இடிந்துபோனார். அதன்பின் பாட்டில்லை, பேச்சில்லை. நயாகரா பாலத்தில் ரயில் போகும்போது மற்றவர்கள் அருவியைப் பார்த்தார்கள். ஜோ தலையைக் கையில் தாங்கிக் குனிந்தே இருந்தார். பாலத்தின் நடுவைத் தாண்டியதும் ஹாரியட் அவரைப் பிடித்து உலுக்கி, எல்லை கடந்துவிட்டது என்றார். அப்போதுதான் ஜோ தலையை உயர்த்தினார், பாடினார், அழுதார். வழியெல்லாம் பயந்து ஊமையாக வந்தவர்தான் ஜோ. ஹாரியட் அவரைப் பாதியில் விடவும் இல்லை, விசுவாசம் இல்லாதவர் என்று கடியவும் இல்லை.

1857-இல் பெற்றோரைக் கொண்டுவந்தார். தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததாகப் பென் மேல் சந்தேகம் விழுந்திருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் பென் தன் மனைவியை எலைசாவிடமிருந்து 20 டாலருக்கு விலைக்கு வாங்கியிருந்தார். உயிலின்படி எப்போதோ விடுதலையாகியிருக்க வேண்டிய ரிட்டைத்தான். முதியவர்களால் நடக்க முடியாது. ஹாரியட் ஒரு கிழட்டுக் குதிரை, வைக்கோலால் செய்த கழுத்துப்பட்டை, பழைய இரண்டு சக்கரம், உட்கார ஒரு பலகை என்று ஒரு வண்டியைக் கட்டிவிட்டார். அப்பா தன் கோடரியை விடமாட்டேன் என்றார், அம்மா தன் இறகு மெத்தையை விடமாட்டேன் என்றார். இரண்டையும் ஏற்றிக்கொண்டார்.

இனி, சாட்சிக் கூட்டங்களில் யாரும் சொல்லாத பகுதி. ரேச்சல் என்ற தங்கை இன்னும் மேரிலாந்தில் இருந்தார். பத்து ஆண்டுகளாக அவரை மீட்க ஹாரியட் முயன்றார். தன் இரண்டு பிள்ளைகளைப் பிரிந்து வர ரேச்சலுக்கு மனமில்லை. பிள்ளைகளை வேறிடத்தில் வைத்திருந்தார்கள். 1860 கடைசியில் ஹாரியட் போய்ச் சேர்ந்தபோது ரேச்சல் இறந்துபோயிருந்தார். பிள்ளைகளைக் கொண்டுவர 30 டாலர் லஞ்சம் வேண்டும். ஹாரியட்டிடம் இல்லை. பிள்ளைகள் அங்கேயே நின்றார்கள். பிறகு என்ன ஆனார்கள் என்பது வரலாற்றில் இல்லை. காரெட்டிடம் ஒருமுறை போய், உம்மிடம் எனக்குப் பணம் இருப்பதாக ஆண்டவர் சொன்னார் என்று கேட்டபோது, ஸ்காட்லாந்திலிருந்து அவருக்காகவே வந்திருந்த 5 பவுண்டு கையில் கிடைத்தது. இந்த முறை 30 டாலர் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில், ஒரே ஆண்டவர் மேல் வைத்த நம்பிக்கையில் நடந்தவை. வெறுங்கையோடு திரும்பாமல், கைக்குழந்தையோடு தவித்த வேறொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஹாரியட் வடக்கே நடந்தார். அதுவே கடைசிப் பயணம்.

உள்நாட்டுப் போர் வந்தபோது தென் கரோலினாவுக்குப் போனார். மருத்துவத் தாதி, சமையல்காரர், உளவாளி என்று எல்லா வேலையும் செய்தார். சம்பளம் என்று ஒழுங்காக எதுவும் இல்லாததால் இரவில் பலகாரம் சுட்டு விற்றுச் சாப்பிட்டார். 1863 ஜூன் 2 அன்று கம்பாஹீ ஆற்றில் அவர் வழிகாட்டிய படகுகள் ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்டோரை விடுவித்தன. 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதே ஆண்டு, போர்ப் பணியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஹாரியட்டை ரயிலில் நடத்துநரும் மற்றவர்களும் இருக்கையிலிருந்து பிய்த்து இழுத்து, புகைபிடிக்கும் பெட்டியில் தள்ளினார்கள். கையில் பலத்த காயம். சட்டம் மாறியது, ரயில்பெட்டி மாறவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1873-இல், புனேயில் ஜோதிராவ் பூலே குலாம்கிரி என்ற நூலை வெளியிட்டார். கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். ஹாரியட்டின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் சூத்திரரும் அதிசூத்திரரும் விடுதலை பெற வேண்டும் என்று பூலே காட்டிய முன்மாதிரியில் அந்த ஐந்தடிப் பெண்ணின் பங்கும் இருக்கிறது.

போருக்குப் பின் ஆபர்னில் வறுமைதான். தோட்டம் போட்டார், பன்றி வளர்த்தார். வீடு தேடி வந்த முதியோர், அநாதைகள், ஊனமுற்றோர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அரசு ஓய்வூதியம் 1895-இல்தான் வந்தது, அதுவும் இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் படைவீரர் என்பதால் விதவைக்கு மாதம் 8 டாலர். 1899-இல் அது 20 ஆனது. 1896-இல் பக்கத்து 25 ஏக்கர் நிலம் ஏலத்துக்கு வந்தபோது, கையில் பணம் இல்லாமலேயே போய் ஏலம் கேட்டு எடுத்தார். நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டினார். கைவிடப்பட்ட கறுப்பின முதியோருக்கு அங்கே ஓர் இல்லம் என்பது அவர் கனவு. தன்னால் நடத்த முடியாமல் 1903-இல் தன் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையிடம் நிலத்தை ஒப்படைத்தார். இல்லம் 1908-இல் திறந்தது. உள்ளே வர ஒவ்வொருவரும் 100 டாலர் கட்ட வேண்டும் என்று சபை விதி போட்டது. ஹாரியட்டுக்குக் கடும் கோபம். ஒன்றும் இல்லாதவர்கள் மட்டுமே வர வேண்டும் என்று விதி போடுங்கள் என்று எண்பது தாண்டிய வயதில் அவர்களோடு சண்டை போட்டார்.

1911-இல் உடல் தளர்ந்து, அதே இல்லத்தில் அவரும் சேர்க்கப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, நிமோனியா காய்ச்சலில், உறவினரும் சபையாரும் சுற்றியிருக்க, 1913 மார்ச் 10 அன்று இறந்தார். ஆபர்ன் நகரின் ஃபோர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.